பந்தியும் பழியும்

'உணவே மருந்து' என்பது நம் நாவில் நன்கு பழகிப்போன சொல். திருமணப் பந்தியிலும், மருத்துவமனையில் காத்திருப்போர் வரிசையிலும் அதைக் கேட்கிறோம். நல்ல சொல்தான். ஆயினும் அதனுள் மறைந்திருக்கும் மறுபாதியை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. உணவு மருந்தாகும் எனில், உணவு நோயும் ஆகும். உண்டது நோயாயிற்று எனில், உண்டவன் தன் நோயைத் தானே தேடிக்கொண்டான் என்று ஆகிவிடாதா? நோயுற்றவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் உறவினர்கள், வாசற்படி தாண்டியதும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான். "வாயைக் கட்டியிருந்தால் இப்படி வந்திருக்குமா?" என்று ஒருவர் தொடங்குவார். மற்றவர் தலையசைப்பார்.

முன்பெல்லாம் இது வெறும் ஊர்ப்பேச்சு. இன்று அறிவியலே இப்பேச்சுக்குச் சான்று தருவதுபோல் தோன்றுகிறது. நம் குடலில் வாழும் நுண்ணுயிர்கள், நாம் உண்ணும் உணவுக்கேற்ப நன்மையோ தீமையோ விளைவிக்கின்றன. பெருங்குடலில் புற்றுநோய் தோன்றுவதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். ஆகவே பழைய வினா புதிய வலிமையோடு நம்முன் நிற்கிறது: நோயாளி தன் நோய்க்குக் குற்றவாளியா? இவ்வினாவுக்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே, ஒரு நோயாளியின் கட்டிலருகே நாம் ஆறுதலாக அமர்வோமா, நீதிபதியாக அமர்வோமா என்பது முடிவாகும்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தில் உண்ணும் முறை பற்றிப் பல குறட்பாக்களில் வற்புறுத்துகிறார். அளவறிந்து, முன் உண்டது செரித்தபின் உண்க என்பதே அவற்றின் சாரம். ஆனால் நோய் வந்தபின் செய்ய வேண்டியதைச் சொல்லும்போது அவர் பேச்சு மாறுகிறது. நோய் எது என்று ஆராயவும், அதன் காரணம் எது என்று ஆராயவும், அதைத் தணிக்கும் வழியைக் காணவும் சொல்கிறார். காரணத்தைத் தேடச் சொன்னவர் குற்றவாளியைத் தேடச் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு, முதலில் அறிவியல் என்ன சொல்கிறது என்று காண்போம்.

உள்ளே வாழும் கூட்டம்

மனித உடல் மனித உயிரணுக்களால் மட்டும் ஆனதன்று. இஸ்ரேல் நாட்டின் வைஸ்மன் நிறுவன அறிஞர்கள் 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி மனித உயிரணுக்கள் உள்ளன; அவனுள் வாழும் பாக்டீரியாக்களோ ஏறத்தாழ 38 இலட்சம் கோடி. இத்தனையும் சேர்ந்து எடை 200 கிராம் அளவுதான். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை குடியிருக்கும் இடம் பெருங்குடல்.

நாம் உண்ணும் சோற்றையும் பருப்பையும் எண்ணெயையும் சிறுகுடலே செரித்து, வேண்டியவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் கீரைத்தண்டின் நார், பயற்றின் தோல், தவிடு போகாத தானியத்தின் மேலுறை ஆகியவற்றைச் செரிக்கும் ஆற்றல் மனித உடலுக்கு இல்லை. அவை அப்படியே பெருங்குடலை வந்தடைகின்றன. நமக்குச் சக்கையாகத் தோன்றும் இந்த நார்ச்சத்தே அங்கு வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவு. அவை அதனை நொதிக்கச் செய்து சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் பியூட்டிரேட் என்பது குறிப்பிடத்தக்கது. பெருங்குடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை இந்தப் பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன. அழற்சியைத் தணிக்கும் இயல்பும் அதற்கு உண்டு. நாம் எறிந்துவிடும் சக்கையை அவை உண்டு, நம் குடற்சுவருக்குச் சோறிடுகின்றன.

நார்ச்சத்து வராமற்போனால் என்ன நேரும்? எலிகளில் செய்யப்பட்டு 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. நார்ச்சத்தின்றிப் பட்டினி கிடந்த நுண்ணுயிர்கள், குடற்சுவரைப் போர்த்திக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. படலம் மெலிந்தது, நோய்க்கிருமிகள் உட்புக வழி கிடைத்தது. மற்றொரு புறம், கொழுப்பு மிகுந்த உணவைச் செரிப்பதற்காக ஈரல் மிகுதியான பித்தநீரைச் சுரக்கிறது. பித்த அமிலங்களில் ஒரு பகுதி பெருங்குடலை அடையும்போது, அங்குள்ள சில நுண்ணுயிர்கள் அவற்றை வேறு வடிவமாக மாற்றுகின்றன. மாற்றம் பெற்ற இவ்வமிலங்கள் குடற்சுவரைப் புண்படுத்தக்கூடியவை. புற்றுநோய்க்குத் துணைபோகக்கூடியவை எனக் கருதப்படுகின்றன.

இங்கே ஓர் அரிய செய்தியையும் சொல்ல வேண்டும். தாய்ப்பாலில் உள்ள திடப்பொருள்களில் பால்சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்து மிகுதியாக இருப்பது ஒருவகைச் சர்க்கரைத் தொகுதி. அதைக் குழந்தையால் செரிக்க முடியாது. அது குழந்தையின் குடலில் குடியேறும் நல்ல நுண்ணுயிர்களுக்கான உணவு. பெற்ற பிள்ளைக்குப் பாலூட்டும் தாய், அப்பிள்ளையைக் காக்கப்போகும் கண்ணுக்குத் தெரியாத கூட்டத்துக்கும் சேர்த்தே ஊட்டுகிறாள். மனிதன் தன் வாழ்வின் முதல் மிடறிலிருந்தே தனியாக உண்பதில்லை.

இரண்டு வாரப் பரிமாற்றம்

உணவுக்கும் பெருங்குடல் நோய்களுக்கும் உள்ள தொடர்பை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் டெனிஸ் பர்கிட் (1911-1993) என்னும் அயர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர். உகாண்டாவில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றியவர். மேலை நாடுகளில் மலிந்து காணப்பட்ட பெருங்குடல் புற்றுநோய், ஆப்பிரிக்கக் கிராம மக்களிடையே மிக அரிதாக இருந்தது அவரைச் சிந்திக்க வைத்தது. அம்மக்களின் உணவில் மிகுந்திருந்த நார்ச்சத்தே காரணமாயிருக்கலாம் என்று 1971-இல் எழுதினார்.

அவர் எழுப்பிய ஐயத்தை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியாயிற்று. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வாழும் ஆப்பிரிக்க வழி அமெரிக்கர் இருபது பேர். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாநிலக் கிராமத்தினர் இருபது பேர். இரு சாராரும் ஒரே கண்டத்தின் வழித்தோன்றல்கள். ஆனால் முன்னவரிடையே ஆண்டுதோறும் ஓர் இலட்சம் பேரில் ஏறத்தாழ 65 பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய் தோன்றுகிறது. பின்னவரிடையே 5 பேருக்கும் குறைவு. ஆய்வாளர்கள் இவர்களது உணவை இரண்டு வாரங்களுக்கு மாற்றிக் கொடுத்தனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 14 கிராம் நார்ச்சத்து உண்டு வந்த அமெரிக்கர்களுக்கு 55 கிராம் அளவுக்கு அளிக்கப்பட்டது, கொழுப்பு குறைக்கப்பட்டது. 66 கிராம் உண்டு வந்த ஆப்பிரிக்கர்களுக்கு அது 12 கிராமாகச் சுருங்கியது. கொழுப்பும் இறைச்சியும் கூட்டப்பட்டன.

பதினான்கே நாள்களில் விளைவு தெரிந்தது. அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் இரண்டரை மடங்கு பெருகியது; குடற்சுவரின் அழற்சி தணிந்தது; உயிரணுக்கள் மிகையாகப் பெருகும் போக்கு குறைந்தது. ஆப்பிரிக்கர்களிடம் பியூட்டிரேட் பாதியாகக் குறைந்தது. தீய பித்த அமிலங்கள் பன்மடங்கு பெருகின. புற்றுநோய் அபாயத்தைக் காட்டும் குறிகள் யாவும் தீமையின் பக்கம் திரும்பின. அளந்து பார்க்கப்பட்டவை அபாயக் குறிகளே. யாருக்கும் புற்றுநோய் தோன்றவோ நீங்கவோ இல்லை. ஏனெனில் இந்நோய் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். ஆயினும் உணவு மாறினால் உள்ளே வாழும் கூட்டத்தின் செயலும் விரைந்து மாறும் என்பது ஐயமற விளங்கிற்று.

இதைப் படித்ததும் உள்ளத்தில் நம்பிக்கை பிறக்கிறது. அதே வேளையில், "பார்த்தாயா, எல்லாம் நீ உண்டதன் விளைவே" என்று சொல்லும் துணிவும் பிறக்கிறது. அந்தத் துணிவைத்தான் ஆராய வேண்டியுள்ளது.

காரணமும் குற்றமும்

சில ஆண்டுகளுக்கு முன், பெருங்குடல் புற்றுநோயால் துன்புற்ற ஒருவரைச் சந்திக்கச் சென்றிருந்தேன். விடைபெறும்போது அவருடைய மனைவி வாசல்வரை வந்தார். "சாமி, இருபத்தெட்டு வருசமா நான் ஆக்கிப் போட்டதைத்தான் அவர் சாப்பிட்டார். வெளியில ஒரு காப்பி குடிக்க மாட்டார். அப்போ இந்த நோயை நான்தான் குடுத்தேனா?" என்று கேட்டார். யாரோ உறவினர் செய்தித்தாளில் படித்ததை அவரிடம் சொல்லியிருந்தார். உணவைப் பற்றிய அரைகுறைச் செய்தி முதலில் நோயாளியைக் குத்துகிறது. பிறகு சமைத்தவரைக் குத்துகிறது. நம் வீடுகளில் சமைப்பவர் பெரும்பாலும் பெண் ஆகையால், அவர் தாங்கும் பழி இரட்டிப்பாகிறது.

அந்த அம்மாளின் கேள்விக்கு 'ஆம்' என்று சொல்ல அறிவியலே இடந்தரவில்லை. ஓர் எடுத்துக்காட்டு. உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சியை, புற்றுநோய் விளைவிப்பது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் உறுதியாக வகைப்படுத்தியது. அவ்விறைச்சியை நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 விழுக்காடு கூடும் என்றது. இதைக் கேட்பவர், உண்ணும் நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு நோய் வரும் என்று எண்ணி அஞ்சுவதுண்டு. பொருள் அதுவன்று. ஒரு நாட்டில் நூறு பேரில் ஐந்து பேருக்கு வாழ்நாளில் இந்நோய் வரும் எனக் கொள்வோம். அனைவரும் நாள்தோறும் அவ்விறைச்சியை உண்டால், அந்த ஐந்து ஏறத்தாழ ஆறாகும். அந்த ஆறு பேருள், இறைச்சியால் நோயுற்ற ஒருவர் யார்? எவராலும் சுட்டிக்காட்ட இயலாது. அபாயக் கணக்கு மக்கள் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. குற்றமோ ஒரு தனிமனிதன்மீது சுமத்தப்படுவது. முன்னதிலிருந்து பின்னதற்கு நேர்வழி இல்லை.

மேலும், நல்லுணவும் உறுதிமொழி தருவதில்லை. குடலின் உட்சுவரில் பாலிப் எனப்படும் சிறு முளைகள் தோன்றி, அவற்றுள் சில காலப்போக்கில் புற்றாக மாறுகின்றன. அம்முளைகள் நீக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2000-இல் வெளியாயிற்று. அவர்களுள் ஒரு பிரிவினர் நான்கு ஆண்டுகள் கொழுப்பைக் குறைத்து, நார்ச்சத்தும் காய்கனிகளும் மிகுந்த உணவை உண்டனர். ஆயினும் முளைகள் மீண்டும் தோன்றுவது அவர்களிடம் குறையவில்லை. முளை தோன்றிய பின், சில ஆண்டுகளின் உணவு மாற்றம் போதாது போலும். லிஞ்ச் நோய்த்தொகுதி என்னும் மரபுக் குறையோடு பிறந்தவர்களுக்கோ, எவ்வளவு கருத்தாக உண்டாலும் அபாயம் பிறப்பிலேயே மிகுதி.

இன்னும் ஒன்று நம்மைத் திகைக்க வைக்கிறது. குடலில் வாழும் ஈ.கோலை நுண்ணுயிர்களில் சில வகைகள் கோலிபாக்டின் என்னும் நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு உயிரணுவின் மரபுப் பொருளில் தனக்கே உரிய வடுவை விட்டுச்செல்கிறது என்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2020-இல் நிறுவினர். பின்னர், 11 நாடுகளைச் சார்ந்த 981 நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்து 2025-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நாற்பது வயதுக்குமுன் நோயுற்றவர்களிடம் அவ்வடு எழுபது வயதுக்குப்பின் நோயுற்றவர்களைவிட 3.3 மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. அந்த வடு பதிந்த காலம் வாழ்வின் முதல் பத்து ஆண்டுகளாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். அவ்வாறெனில், முப்பத்தைந்து வயதில் நோயுற்ற ஓர் இளைஞனின் துன்பத்துக்கான வித்து, அவன் சிலேட்டுப் பலகை ஏந்தித் திரிந்த நாளிலேயே விழுந்திருக்கலாம். அந்தச் சிறுவன்மீது எவர் குற்றம் சுமத்துவார்?

ஒரு செயல் ஒருவருக்குக் குற்றமாக வேண்டுமெனில், அது தீது என்னும் அறிவும், அதைச் செய்யவோ விடவோ முடியும் என்னும் உரிமையும் அவருக்கு இருந்திருக்க வேண்டும் என்பது அறநெறியின் அடிப்படை. அரிஸ்டாட்டில் முதல் அறநெறி இறையியலார் வரை அனைவரும் இதைப் பற்றி நின்றனர். அறியாமையால் நேர்ந்ததையும் வேறு வழியின்றி நேர்ந்ததையும் அவர்கள் குற்றக் கணக்கில் முழுமையாகச் சேர்க்கவில்லை. இந்த இரண்டு அளவுகோல்களையும் நம் உணவின்மீது வைத்துப் பார்த்தால், கணிசமான பழி தானே உதிர்ந்துவிடும்.

பந்தி விரித்தவர் யார்?

பிட்ஸ்பர்க் நகரத்து இருபது பேரை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். நார்ச்சத்துக் குறைந்த அந்த உணவை அவர்கள் தேர்ந்துகொண்டார்களா? அவர்களின் முன்னோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள். தென்மாநிலத் தோட்டங்களில் அவர்களுக்கு அளந்து கொடுக்கப்பட்டது பெரும்பாலும் சோளமாவும் உப்பிட்ட பன்றிக் கொழுப்பும். இருபதாம் நூற்றாண்டில் அவர்களின் வழிவந்தோர் பிழைப்பைத் தேடி வடமாநிலத் தொழில் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகளின் நகரம். அங்கே கடைகளில் மலிவாகக் கிடைத்தது எதுவோ அது அவர்களின் உணவாயிற்று. ஒரு மனிதன் பந்தியில் அமருமுன்பே பல தலைமுறைகள் அவன் இலையில் பரிமாறிவிட்டன.

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். குவாசுலு-நட்டால் கிராமத்தினர் நார்ச்சத்து மிகுந்த உணவை உண்டது அவர்களது தவத்தால் அன்று. இறைச்சியும் வெண்ணெயும் நாள்தோறும் வாங்க இயலாத எளிய வாழ்வே அவர்களை அவ்வாறு உண்ண வைத்தது. ஆகவே நலமாயிருந்தவர்களுக்கு அதில் தற்புகழ்ச்சிக்கு இடமில்லை. நோயுற்றவர்களுக்குத் தலைகுனிவுக்கு இடமில்லை. நம்முள் பலர், நல்லுடலை நல்லொழுக்கத்தின் பரிசாகக் கருதிப் பெருமிதம் கொள்கிறோம். அந்தப் பெருமிதம்தான் அடுத்தவரின் நோயை அவரது தண்டனையாகப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது.

நம் வீட்டுப் பந்தியும் இதற்கு விலக்கன்று. கம்பும் கேழ்வரகும் வரகும் சாமையும் நம் முன்னோரின் அன்றாட உணவாக இருந்தன. ஆலைகள் பெருகியபின் தவிடு நீங்கிய வெள்ளரிசி எங்கும் மலிந்தது. சிறுதானியம் விளைந்த வயல்கள் சுருங்கின. ஒரு காலத்தில் ஏழையின் கூழாக இருந்த கேழ்வரகு, இன்று நகரத்துக் கடைகளில் அழகிய உறைக்குள் அரிசியினும் கூடிய விலைக்கு விற்கிறது. விடியலில் வேலைக்குப் புறப்பட்டு இரவில் திரும்பும் தாய்க்குக் கீரை ஆய்ந்து சமைக்க நேரம் எங்கே? பள்ளி வாயிலில் தொங்கும் பொட்டலத் தின்பண்டம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. ஒரு கொய்யாப் பழத்துக்கு அதைவிடக் கூடுதலாகத் தர வேண்டியிருக்கிறது. "நல்லதை உண்" என்று அறிவுரை கூறுபவர், நல்லது எட்டும் தொலைவில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டாமா?

பழி போனால் பொறுப்பும் போகுமா?

இவ்வளவையும் கேட்டு, "அப்படியானால் எவருக்கும் எப்பொறுப்பும் இல்லை, எதையும் உண்ணலாம்" என்று ஒருவர் முடிவு செய்தால் அதுவும் தவறாகும். குற்றம் என்பது பின்னோக்கிப் பார்ப்பது. நேர்ந்ததற்கு ஓர் ஆளைத் தேடுவது. பொறுப்பு என்பது முன்னோக்கிப் பார்ப்பது. இனி நேரவேண்டியதற்குத் தன் கையால் என்ன செய்யலாம் என்று தேடுவது. நேற்றைய உணவுக்காக ஒருவரைக் குற்றவாளியாக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் நாளைய உணவைக் குறித்து அவருக்கும் நமக்கும் கடமை உண்டு. பதினான்கு நாளில் மாறக்கூடிய ஒன்றை மாற்றாமல் விடுவது, அறிந்தபின், அலட்சியம்.

கடமையின் அளவு அவரவர் அறிவுக்கும் வசதிக்கும் ஏற்ப வேறுபடும். வசதியுள்ளவர் தம் தட்டில் பயறும் கீரையும் தவிடு நீங்காத தானியமும் கூடுமாறு செய்துகொள்ளலாம். பதப்படுத்திய இறைச்சியையும் மதுவையும் ஒதுக்கலாம். சாதாரணச் சளிக்கெல்லாம் மருந்துக்கடையில் தாமே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வாங்கி விழுங்கும் வழக்கத்தை விடலாம். அம்மருந்து தீய கிருமியோடு உள்ளே வாழும் நல்ல கூட்டத்தையும் அழிக்கிறது. சமையலைப் பெண்ணின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு, நோய் வந்தால் அவள்மீதே பழியும் சுமத்தும் ஆண்கள், அரிவாள்மணை எடுத்துக் கீரை ஆயக் கற்றுக்கொள்ளலாம்.

தனிமனிதரால் ஆகாதவையும் உண்டு. அவை பந்தி விரிப்பவர்களின் கடமை. நம் நாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரி இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும், குழந்தையின் இலையில் என்ன விழுகிறது என்பது பெற்றோரின் கவலை மட்டுமன்று, சமூகத்தின் கவலையும் ஆகும் என்பதற்குச் சான்றுகள். நம் பங்குகளில் திருவிழா விருந்து வைக்கிறோம். பள்ளிகளும் விடுதிகளும் நடத்துகிறோம். அங்கே நாம் பரிமாறுவது என்ன என்று கேட்டுப் பார்ப்பது நம் கையில் உள்ளது.

இறுதியாக, பழியின் மிகக் கொடிய விளைவைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்கலாகாது. பழி மனிதரை மறைந்துகொள்ளச் செய்கிறது. பெருங்குடல் புற்றுநோயின் அறிகுறிகள் பேசக் கூசும் அறிகுறிகள்: மலத்தில் இரத்தம், நெடுநாளைய வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல், காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை. இவற்றைச் சொல்லவே நாணும் ஒருவர், 'நீயே வரவழைத்துக்கொண்டாய்' என்ற சொல்லுக்கும் அஞ்சினால் வாய் திறப்பாரா? மூலநோய் என்று தாமே முடிவுகட்டி, கைவைத்தியத்தில் மாதங்களைக் கழிப்பார். ஒரு முளை புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள் அளவு ஆகிறது. அதற்குள் உள்நோக்கிக் கருவியால் கண்டு அகற்றிவிட்டால், வரவிருந்த நோய் வராமலே போகும். தொடக்க நிலையில் கண்டறியப்பட்ட புற்றும் பெரும்பாலும் குணமாகக்கூடியது. இளையோரிடமும் இந்நோய் கூடி வருவதால், அமெரிக்காவில் அறிகுறி ஏதும் இல்லாதோரும் சோதித்துக்கொள்ளத் தொடங்கும் வயதை 2021-இல் ஐம்பதிலிருந்து நாற்பத்தைந்தாகக் குறைத்தனர். இவ்வளவு வாய்ப்பும் இருக்க, நம் ஏளனப் பேச்சுக்கு அஞ்சி ஒருவர் காலம் தாழ்த்தினால், அந்தத் தாமதத்தில் நமக்கும் பங்கு இல்லையா? உணவைப் பற்றிய குற்றத்தைத் தேடிச் சென்ற நாம், உண்மையான குற்றம் ஒன்றை நம் நாவிலேயே காண நேரிடும்.

யோபுவின் நண்பர்களை நினைவுகூர்வது இங்கே தகும். துன்புற்ற நண்பனைத் தேடி வந்த அவர்கள் முதல் ஏழு நாள் தரையில் அமர்ந்து பேசாமல் இருந்தனர். அதுவரை அவர்கள் செய்தது சரியே. அவன் என்ன தவறு செய்திருப்பான் என்று வாதிடத் தொடங்கியபோதுதான் அவர்கள் ஆறுதல் அளிப்பவர்களாக இருக்கத் தவறினர்.

வள்ளுவரின் அதே அதிகாரத்தின் கடைசிக் குறள், மருத்துவத்துக்கு நான்கு கூறுகளைச் சொல்கிறது: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். நம்மில் பெரும்பாலோர் மருத்துவர் அல்லர். ஆனால் என்றேனும் ஒருநாள் அந்த நான்காம் இடத்தில் நிற்கப்போகிறவர்கள். அப்போது, "முன்பு என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பதால் பயனில்லை. "இன்று என்ன சாப்பிட முடிந்தது? யார் சமைத்துத் தருகிறார்கள்? மருத்துவமனைக்கு உடன் வர ஆள் இருக்கிறதா?" என்று கேட்கலாம். அவ்வீட்டுக்கு ஒருவேளைக் கஞ்சியும் துவையலும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சமைத்துச் சமைத்துக் களைத்துப்போன மனைவியிடம், "நீங்கள் ஆக்கிப் போட்டதால்தான் அவர் இத்தனை ஆண்டு நலமாக உழைத்தார், அம்மா" என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான், அவ்வீட்டில் பலரும் சொல்ல மறந்த உண்மை.